அம்புக்கு இறகு கட்டியவர்கள்

மாசி மாதத்து மூன்றாம் பிறை தெரிந்ததும் எங்கள் தோட்டத்துக் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றப்படும். அன்று தொடங்கிப் பௌர்ணமி வரை இரவுகளில் தப்பு முழங்கும். மன்மதன் கரும்பு வில்லேந்தி வருவான். ரதி அவனைத் தடுத்து அழுவாள். தவத்திலிருக்கும் சிவன்மீது மலர்க்கணை பாயும்; நெற்றிக்கண் திறக்கும்; காமன் எரிவான். மலையகத்தில் பிறந்து வளர்ந்தோருக்கு இக்கதையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நான் சிறுவனாக இருந்தபோது ஒரு வருடம் மன்மதனுக்கு அம்பு செய்து கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. மூங்கிற் சிம்பு ஒன்றைச் சீவி, முனையை ஊசிபோலக் கூராக்கிப் பெருமையோடு கொண்டுபோய் நீட்டினேன். தப்படிக்கும் தாத்தா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏன்டா தம்பி, மூக்கை மட்டும் இம்புட்டுக் கூரா சீவியிருக்கியே, வாலு எங்கடா? வாலில்லாத அம்பு வழி தெரியாம பொரளும்டா” என்றார்.

பிறகு அவரே சிவப்புத் தாளை மூன்று துண்டுகளாக வெட்டி, கோதுமை மாப் பசை தடவி, அம்பின் பின்புறத்தில் ஒட்டி, நூலால் வரிந்து கட்டித் தந்தார். அந்தத் தாத்தா பகலில் மலையில் கான் வெட்டுபவர். பள்ளிக்கூடத்து வாசற்படியை மிதித்தவரல்லர்.

அன்பார்ந்த நேயர்களே! ஆதி மனிதர் அம்பை எவ்வாறு வடிவமைத்தனர், அதற்கு எவ்வாறு இறகு கட்டினர் என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். இலக்கியத் தொடரில் இதற்கென்ன இடம் என்று நீங்கள் வினவலாம். நமது இலக்கியம் முழுவதும் அம்புகள் பறந்துகொண்டே இருக்கின்றன. இராமபாணம் என்கிறோம், அருச்சுனன் பெற்ற பாசுபதம் என்கிறோம். ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்திய வல்வில் வேட்டுவனை வன்பரணர் பாடியது புறநானூற்றின் 152ஆம் பாட்டாக இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எய்தவனின் பெயர் நமக்குத் தெரியும். வீழ்ந்தவனின் பெயரும் தெரியும். அந்த அம்பைச் செய்தவன் யார்? அதற்கு இறகு கட்டியவன் யார்? காவியங்கள் இதற்கு விடை சொல்வதில்லை.

காவியம் சொல்லாததைச் சொற்கள் சிறிது சொல்கின்றன. அம்பு, கணை, பகழி, வாளி, சரம், கோல் என்று ஒரு பொருளுக்கு எத்தனை பெயர்கள்! இவற்றுள் ‘கோல்’ என்பது எனக்கு மிகவும் பிடித்த சொல். நேரான குச்சி எதுவும் கோல்தான், அம்பும் கோல்தான். அம்பின் பிறப்பே ஒரு நேரான குச்சியைத் தேடுவதில் தொடங்குகிறது என்பதை இச்சொல் நினைவூட்டுகிறது. நாணில் பொருந்தும் பிளவுக்குக் ‘குதை’ என்று பெயர். அம்பின் இறகுக்கும் ‘உடு’ என்றொரு தனிச்சொல் நிகண்டிலே உண்டு. பெயர் வைத்த மக்கள் அந்தப் பொருளை உற்று நோக்கியிருக்க வேண்டும் அல்லவா? அம்பு நேரானது, யாழ் வளைந்தது, ஆயினும் தோற்றத்தைக் கண்டு முடிவு செய்யாதே என்று வள்ளுவர் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில் சொன்ன கருத்தும், அம்பென்றால் நேர்மையே அதன் முதல் இலக்கணம் என்பதை எல்லோரும் அறிந்திருந்தமையால்தான் பொருள் தருகின்றது.

ஆனால் காட்டிலே கோணலற்ற குச்சி எளிதில் கிடைப்பதில்லை. ஆதலால் பச்சைக் குச்சியின் தோலை உரித்து, நெருப்பின் மேல் வாட்டி, சூடாறுமுன் கையாலோ பல்லாலோ வளைவை நிமிர்த்த வேண்டும். உலகின் பல பகுதிகளில், தண்டைத் தேய்த்து நேராக்குவதற்கென்றே பள்ளம் வெட்டப்பட்ட கற்கள் கிடைத்திருக்கின்றன. அடுத்தது பாரம். முன்புறம் கனத்தும் பின்புறம் இலேசாகவும் இருந்தால்தான் அம்பு நேர்வழி செல்லும். எனவே நாணற் புல்போன்ற இலேசான தண்டின் முன்னால் உறுதியான மரத்துண்டு ஒன்றைச் செருகினர் சிலர். விலங்கின் உடலில் அம்பு முறிந்தால் அந்த முன்துண்டு மட்டுமே போகும். நீண்ட தண்டு மிஞ்சும். நல்ல தண்டு ஒன்றைச் செய்வதற்கு எத்தனை பாடுபட்டிருந்தால் அதைச் சேமிக்க இப்படி ஒரு வழி கண்டிருப்பார்கள்!

இனி இறகுக்கு வருவோம். நாண் விடுபட்டதும் அம்பின் பின்புறம் திடீரெனத் தள்ளப்படுகிறது. முன்புறம் உடனே நகர மறுக்கிறது. இடையிலே தண்டு வளைகிறது. நீரில் மீன் நெளிவதுபோல இப்புறமும் அப்புறமும் நெளிந்துகொண்டே அம்பு பறக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த நெளிவை அடக்குவது இறகுதான். காற்று இறகைப் பிடித்துப் பின்னுக்கு இழுப்பதால் பின்புறம் எப்போதும் பின்புறமாகவே இருக்கிறது. இறகுக்கு இயல்பாகவே ஒரு வளைவு உண்டு. அந்த வளைவு அம்பைச் சுழலவும் வைக்கிறது. சுழலும் அம்பு திசை தவறுவது குறைவு. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. பறவையின் இடது சிறகு இறகுக்கு ஒரு வளைவு. வலது சிறகு இறகுக்கு அதற்கு எதிரான வளைவு. ஓர் அம்பில் கட்டும் இறகுகள் யாவும் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். மாறிக் கட்டினால் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும். இதை முதலில் கண்டறிந்தவரிடம் புத்தகம் இருக்கவில்லை. எய்து பார்த்து, தவறி, மீண்டும் கட்டிப் பார்த்துக் கண்டறிந்த அறிவு அது. நடுக்காம்போடு பிளந்த இறகைப் பிசினால் ஒட்டி நாரால் வரிந்து கட்டும் முறையும் இவ்வாறு பிறந்ததே.

ஆயினும் வரலாற்று ஆசிரியருக்கு இங்கே பெரிய இடர் ஒன்று உண்டு. மரம் உளுத்துப் போகும். நார் மக்கும். இறகைப் பூச்சி தின்னும். கல்லும் எலும்பும் மட்டுமே நிற்கும். ஓர் அம்பிலே மிகச் சிறிய பகுதிதான் முனை. அந்த முனை ஒன்றே பல்லாயிரம் ஆண்டுகள் கடந்து நம் கைக்கு வருகிறது. அதைப் பறக்கச் செய்தவை யாவும் மண்ணோடு மண்ணாகிவிடுகின்றன.

பனியும் சேறும் மட்டும் சில வேளைகளில் முழு அம்பையும் காத்து வைத்திருக்கின்றன. ஜேர்மனியில் ஹம்பேர்க் நகருக்கு அருகே ஸ்ரெல்மோர் என்னுமிடத்தில் 1930களில் அல்பிரட் ருஸ்ட் என்பவர் சேற்று மண்ணிலிருந்து நூறளவான பைன் மர அம்புகளை எடுத்தார். பனியுகத்தின் இறுதிக் காலத்து வேடர்கள் எய்தவை அவை. முன்துண்டு செருகிய இருபகுதி அம்புகளும் அவற்றில் இருந்தன. பதினோராயிரம் ஆண்டுகள் சேற்றில் கெடாதிருந்த அவை இரண்டாவது உலகப் போரில் அழிந்துபோயின. சுவீடனில் லொஷுல்ட் என்னுமிடத்துச் சேற்று நிலத்திலே கிடைத்த அம்புகளில் நுனியில் ஒரு சிறுகல்லும் பக்கத்தில் முள்போல இன்னொரு சிறுகல்லும் பிசினால் ஒட்டியபடியே இருந்தன. நகத்தளவு சிறுகற்களால் என்ன பயன் என்று எண்ணியிருந்தோருக்கு அது நல்ல விடையாயிற்று.

இவற்றிலும் வியப்பானது அல்ப்ஸ் மலைப் பனியில் 1991ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட மனிதரின் அம்பறாத்தூணி. சுமார் 5300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் அவர். தூணியில் 14 அம்புத் தண்டுகள் இருந்தன. அவற்றுள் வேலை முடிந்தவை இரண்டே இரண்டு. ஏனைய 12ம் பாதி வேலையில் நின்றவை. முடிந்த அம்புகளில் பிளந்த இறகுகள் மூன்று, பேர்ச் மரப் பட்டையிலிருந்து காய்ச்சிய கரும்பிசினால் ஒட்டப்பட்டு, மெல்லிய நூலால் சுற்றி வரியப்பட்டிருந்தன. தப்படிக்கும் தாத்தா ஒட்டியதும் மூன்று தாள்தானே என்று இதைப் படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. அந்த இரண்டு அம்புகளும் ஒரே கையால் கட்டப்பட்டவையல்ல, ஒன்று வலக்கைக்காரர் கட்டியது, மற்றது இடக்கைக்காரர் கட்டியது என்று ஆய்ந்தோர் சிலர் கருதினர். பெயரற்ற ஒருவரின் கைப்பழக்கம் ஒரு நூற்கட்டிலே தங்கிவிட்டது பாருங்கள். அந்த மனிதரின் இடது தோளுக்குள் கல்லால் ஆன அம்பு முனை ஒன்று இருப்பது 2001இல் கதிர்ப்படத்தில் தெரிந்தது. அதன் தண்டை யாரோ உருவி எடுத்துவிட்டிருந்தனர். அங்கும் முனை மட்டுமே எஞ்சியது.

சேறும் பனியும் இல்லாத நம் நாட்டுக் கதை என்ன? ஹற்றனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கொழும்புக்குப் பஸ்ஸில் போகின்றவர்கள் கித்துல்கலையைக் கடந்தே போகிறோம். ஆற்றைப் பார்க்கிறோம், தேநீர் குடிக்கிறோம். அந்த ஊருக்கு மேலே காட்டுக்குள் பெலிலென என்னும் கற்குகை இருக்கிறது. கலாநிதி சிரான் தெரணியகல அங்கு அகழ்ந்தபோது, முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மக்களின் வாழ்விடம் வெளிப்பட்டது. பிறை வடிவிலும் முக்கோண வடிவிலும் அமைந்த சின்னஞ்சிறு வெண்கற் கருவிகளும், எலும்பு முனைகளும், உண்டு எறிந்த காட்டுக் கொட்டைகளின் கோதுகளும் அங்கிருந்தன. நமது பஸ் வண்டி ஓடும் பாதைக்கு மேலே அத்தனை காலத்து மனிதர் அடுப்பு மூட்டி இருந்திருக்கின்றனர்.

இதைவிடத் தெளிவான சான்று களுத்துறை மாவட்டத்தில் புலத்சிங்களவுக்கு அண்மையிலுள்ள பாகியன்கலைக் குகையிலிருந்து வந்தது. சீன யாத்திரிகர் பாகியன் அங்கு தங்கினார் என்பது ஊர்வழக்கு. 2020ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மிச்செல் லாங்லி, நம் நாட்டு ஆய்வாளர் ஓஷான் வெதகே, ஜேர்மனியிலிருந்து பற்றிக் றொபேட்ஸ் முதலியோர் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். அக்குகையில் கிடைத்த 130 எலும்பு முனைகளை அவர்கள் நுண்நோக்கியால் ஆராய்ந்திருந்தனர். அவற்றுள் பழையவை சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. குரங்கு, மந்தி, மர அணில் ஆகியவையே அம்மக்களின் வேட்டை. உயர்ந்த மழைக்காட்டு மரங்களின் கிளையிலே தாவும் சிறு விலங்கை ஈட்டியால் எறிந்து பிடிப்பது எளிதன்று. தூரத்திலிருந்து விரைவாகத் தாக்கும் கருவி வேண்டும். அக்குரங்கின் எலும்பையே தீட்டி அடுத்த குரங்குக்கு அம்பு செய்தனர் அவர்கள்.

தண்டும் இல்லை, இறகும் இல்லை, வில்லும் இல்லை. பின் எவ்வாறு அதை அம்பென்று சொன்னார்கள்? நியாயமான கேள்வி. முனைகளின் நுனியில் வேகமாக மோதியதால் உண்டான முறிவுகள் காணப்பட்டன. தண்டோடு சேர்த்துக் கட்டிய இடத்தில் வெட்டுக்களும் தேய்வும் இருந்தன. அவற்றின் சிறிய அளவும் அம்புக்கே பொருந்தியது. இத்தனையும் சேர்ந்தே அம்முடிவுக்கு அவர்களை இட்டுச் சென்றன. அதாவது இல்லாத தண்டும் இல்லாத நாரும் எலும்பின்மேல் விட்டுச் சென்ற தழும்பைக் கொண்டே அவற்றின் இருப்பை அறிந்தனர். இறகு மட்டும் ஒரு தழும்பும் விடாமல் போய்விட்டது. ஆயினும் காட்டிலே இலைகளுக்கிடையே அணிலைக் குறிவைத்தவர் அம்பின் வாலைப் பற்றிச் சிந்தியாது இருந்திருக்க மாட்டார் என்றே நான் எண்ணுகிறேன்.

அவ்வாய்வு வெளிவந்தபோது ஆபிரிக்காவுக்கு வெளியே கிடைத்த மிகப் பழைய வில் அம்புச் சான்று இலங்கையினுடையது என்று பத்திரிகைகள் கொண்டாடின. தென்னாபிரிக்காவில் சிபுடு குகையில் அதற்கும் முற்பட்ட, 60,000 ஆண்டுகளைக் கடந்த முனைகள் முன்னரே அறியப்பட்டிருந்தன. பின்னர் 2023இல் பிரான்ஸ் நாட்டு மந்திரன் குகையில் 54,000 ஆண்டுக்கு முற்பட்ட சிறுகல் முனைகளை அம்பு என இனங்கண்டனர். எனவே ‘முதலாவது’ என்ற பட்டம் கைமாறிவிட்டது. இதில் வருந்த ஒன்றுமில்லை. ஒரு குகையைத் தோண்டும்போது அடுத்த குகை முந்திக்கொள்ளும். யார் முதல் என்ற போட்டியைவிட, மழைக்காட்டில் மனிதர் வாழ முடியாது என்று எண்ணப்பட்டிருந்த கருத்தை இந்தக் குகை மக்கள் பொய்யாக்கினார்கள் என்பதே பெரிய செய்தி.

இனி நாம் வாழும் மலைகளுக்கு ஏறி வருவோம். இலங்கையில் கற்கருவிகள் உண்டென்று முதலில் கூறியவர்களுள் ஒருவர் ஈ. ஈ. கிறீன். பூச்சியியலாளராகப் புகழ்பெற்ற அவர் தோட்டத்துறையிலிருந்து வந்தவர், பூண்டுலோயாவில் வாழ்ந்தவர். 1885ஆம் ஆண்டளவில் அவர் வெண்கற் சில்லுகளைக் கண்டு இவை மனிதர் உடைத்தவை என்றார். மஸ்கெலியாப் பகுதியில் தேயிலைத் தோட்டத் துரையாக இருந்த ஜோன் போல் என்பவர் ஏராளமான கருவிகளைச் சேர்த்து, 1913இல் இலங்கையின் கற்கருவிகள் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். பண்டாரவளையில் தேவாலயக் குன்றிலே ஹாட்லி என்பவர் அகழ்ந்து சிறுகற்கருவிகளைப் பெருந்தொகையாக எடுத்தார். ஹோட்டன் சமவெளியிலும் அவை கிடைத்துள்ளன. நாம் கொழுந்து பறிக்கும் மலைகள் ஒருகாலத்தில் வேடர் அலைந்த மலைகள் என்பது இவற்றால் பெறப்படும்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி என்னை விடாது தொடர்கிறது. துரைமாருக்கு அக்கற்கள் எவ்வாறு கண்ணில் பட்டன? மூடிய காட்டிலே மண்ணுக்கடியில் கிடக்கும் சில்லு யாருக்கும் தெரியாது. கோப்பிக்காகவும், 1869இல் கோப்பியிலே இலைநோய் தலைகாட்டிய பிறகு தேயிலைக்காகவும் மலைகள் திறக்கப்பட்டன. காடு வெட்டும் வேலையில் சிங்களக் கிராமத்தவரும் இருந்தனர். குழி போட்டவர்கள், கான் வெட்டியவர்கள், பாதை அமைத்தவர்கள், முள்ளுக்குத்தியவர்கள் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த நமது முன்னோர். மண்ணைத் திறந்தது அவர்களுடைய மண்வெட்டி. மண் திறந்ததால்தான் கல் வெளிவந்தது. கல்லைக் குனிந்து எடுத்தவர் பெயர் நூலில் இருக்கிறது. அது நியாயமே, அவர் அதன் அருமையை அறிந்திருந்தார். ஆனால் மண்ணைத் திறந்தவர் பெயர் தோட்டத்துச் செக்ரோலில் ஓர் எண்ணாக இருந்து, அந்தப் புத்தகத்தோடு செல்லரித்துப் போயிற்று.

சில வருடங்களுக்கு முன் என் வகுப்பு மாணவன் ஒருவன் கவ்வாத்து மலையில் பொறுக்கிய வெள்ளைக் கல்லொன்றைக் கொண்டு வந்தான்.

“சேர், இது அம்பு முனையா?” என்று கேட்டான்.

கண்ட கல்லெல்லாம் கருவியாகாது. மழையும் வண்டிச் சக்கரமும் கல்லை உடைக்கும். மனிதன் உடைத்த கல்லில் அடி விழுந்த இடத்துக்குக் கீழே ஒரு சிறு புடைப்பு இருக்கும். விளிம்பு நெடுகிலும் சிறுசிறு செதுக்கல்கள் வரிசையாக இருக்கும். இவற்றைச் சொல்லிக் கொடுத்தேன். அவனுடைய கல்லில் அவை இருக்கவில்லை. அவன் முகம் வாடியது. “இல்லாட்டி என்ன சேர், இனிப் பாத்து எடுப்பேன்” என்றான். எடுத்தாலும் இடத்தைக் குறித்து வைத்து உரியவர்களுக்கு அறிவிக்க வேண்டும், பையில் போட்டுக்கொண்டு வந்தால் அதன் கதை பாதி அழிந்துவிடும் என்று சொல்லி அனுப்பினேன். தன் காலடி மண்ணுக்கு ஒரு கதை உண்டு என்று அவன் நினைத்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது.

கல்லும் எலும்பும் போய் இரும்பு வந்த காலத்து அம்பைப் பற்றி ஓர் அழகான குறிப்பு உண்டு. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறையிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலில் அது வருகிறது. காட்டு வேடர்கள் இரவில் கொல்லன் பட்டறைக்கு வந்து இறைச்சியைத் தொங்கவிடுவார்களாம். அதனருகே தமக்கு வேண்டிய அம்பலகின் வடிவில் வெட்டிய இலை ஒன்றையும் தொங்கவிடுவார்களாம். கொல்லன் அந்த இலையின் அளவுக்கு அலகு அடித்து வைத்தால் மேலும் இறைச்சி கிடைக்கும். செய்யாவிட்டால் ஒரு நாள் இருட்டிலே அம்பு பாயும். நேருக்கு நேர் பார்க்கவில்லை. ஒரு சொல்லும் பேசவில்லை. பச்சை இலை ஒன்றே எழுத்தும் வரைபடமும் ஒப்பந்தமும் ஆயிற்று. இன்று பொறியியலாளர் தாளில் வரைவதை அந்த வேடர் இலையில் வெட்டிக் காட்டினார். எழுத்தறியாதோர் என்று நாம் யாரைச் சொல்கிறோம் என்பதைச் சற்று நிறுத்தி யோசிக்க வைக்கும் குறிப்பு இது.

அலகைக் கொல்லன் அடித்தான். தண்டைச் சீவியதும் இறகு கட்டியதும் வேடரே. 1907ஆம், 1908ஆம் ஆண்டுகளில் வேடர் மத்தியில் ஆய்வு செய்து 1911இல் நூல் வெளியிட்ட செலிக்மன் தம்பதியர், அம்பு அவர்களுக்கு வேட்டைக் கருவி மட்டுமன்று, வழிபாட்டுப் பொருளும் ஆகும் என்று எழுதினர். கிரிகொரஹா என்னும் ஆட்டச் சடங்கில், நீண்ட அலகு கொண்ட பழைய அம்பொன்றை ஏந்தி ஆடுவர். அது தலைமுறை தலைமுறையாக வருவது. காமன் பொட்டலில் கரும்பு வில்லை ஏந்தும் நமக்கு இதில் புரியாதது எதுவுமில்லை. 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்காவாக்கப்பட்டபோது அக்காட்டில் வேட்டையாடுவது குற்றமாயிற்று. பலர் குடியேற்றங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். தம்பானையின் தலைவர் திசாஹாமி பெயர மறுத்துக் காட்டோரத்திலேயே இருந்து 1998இல் மறைந்தார். இன்று அங்கு செய்யப்படும் அம்புகளை உல்லாசப் பயணிகள் வாங்கிச் சென்று சுவரில் மாட்டுகின்றனர்.

நேயர்களே! இத்தீவில் யார் முந்தி வந்தவர், யார் பிந்தி வந்தவர் என்ற வழக்கு நீண்ட காலமாக நடந்து வருகிறது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவரான மலையக மக்கள் அந்த வழக்கின் சுமையை மற்றெவரையும்விடக் கூடுதலாகச் சுமந்தவர்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை எஞ்சியோருக்கு அந்தக் கறை முற்றாக நீங்கவில்லை. நாம் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை 2023இல் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து நினைவுகூர்ந்தோம். 48,000 ஆண்டுகளுக்கு முன் குரங்கெலும்பைத் தீட்டியவரின் முன்னால் இருநூறு ஆண்டும் சிறிது. ஈராயிரத்து ஐந்நூறு ஆண்டும் சிறிது. அவர் பேசிய மொழி எது என்று எவரும் அறியார். அவருடைய அம்பைத் தம் இனத்தின் அம்பு என்று எவரும் உரிமை கொண்டாட முடியாது. முந்தியவர் என்பதால் ஒருவருக்கு மண் சொந்தமாகிவிடும் என்றால், நாம் எல்லோருமே தம்பானை வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டியவர்களே.

மண்ணில் உழைப்பால் ஏற்படும் உறவு வேறு. அதற்குச் சாட்சி குறைவு. அம்பின் முனை அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. தோட்டத்தைத் திறந்த துரையின் பெயர் தோட்டத்துப் பலகையிலும் தேவாலயத்துக் கல்லிலும் இருக்கிறது. தண்டை நிமிர்த்தியவரும், இறகு கட்டியவரும், கான் வெட்டியவரும் பதிவில் இல்லை. பாகியன்கலையில் அறிஞர்கள் எலும்பின் தழும்பைப் பார்த்து மறைந்த தண்டைக் கண்டறிந்ததுபோல, நம்முடைய மலைகளிலும் தழும்புகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். மலைச்சரிவின் குறுக்கே ஓடும் ஒவ்வொரு கானும் ஒரு தழும்புதான். லயத்துப் பெரியவர்களிடம் அந்தக் கானை வெட்டியது யார் என்று இன்று கேட்டால் சில பெயர்களாவது கிடைக்கும். நாளை கேட்டால் கிடைக்காது. மாணவர்களுக்கு நான் கொடுக்கும் வீட்டு வேலைகளில் இதுவும் ஒன்றாகிவிட்டது. இதுவரை ஒரு கொப்பி நிறையப் பெயர்கள் சேர்ந்திருக்கின்றன.

அந்தக் காமன் கூத்து இரவில் நான் கொடுத்த அம்பு சிவனாக வேடமிட்டவரின் மார்பை நோக்கி நேராகப் போயிற்று. கூட்டம் ஆர்ப்பரித்தது. எல்லோரும் மன்மதனைப் பார்த்தார்கள். தாத்தா மட்டும் தப்பை நிறுத்தாமலே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கூத்து முடிந்ததும் அம்பும் காமனோடு எரிந்துபோயிற்று. மாணவர்கள் சேர்த்த அந்தக் கொப்பியின் முதற்பக்கத்தில் அவருடைய பெயரை நானே எழுதி வைத்திருக்கிறேன்.